ஈரல் வாசம்

மூளை ஆய்வாளர் ஹெப்சிபாவுக்கு நாக்கின் ஆசையைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. தல்லாகுளத்து ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடமாகக் குடியை விட்டவர்களின் தலையில் ஒயர் தொப்பியை மாட்டி, எதைப் பார்த்தால் அவர்களுக்குப் பழைய ஆசை கிளம்புகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் செய்வதுபோல பாட்டில் படங்களைக் காட்டினார். நம் ஆட்களின் மூளை அசையவே இல்லை. படத்தைப் பார்த்துக் கிறங்க இவர்கள் என்ன நேற்றுக் குடிக்க ஆரம்பித்தவர்களா?

பிறகுதான் அம்மணிக்குப் பொறி தட்டியது. சரக்கைக் காட்டி என்ன பிரயோசனம்? சைடிஷைக் காட்ட வேண்டும். வில்லாபுரத்து ஆட்டோக்காரர் அழகுபாண்டி பதினான்கு மாதமாகக் குடியைத் தொடாதவர். முன்பு அவர் குடிக்கையில் தொட்டுக்கொண்ட அதே ஈரல் மிளகு வறுவலைச் செய்து கொடுத்தனுப்பும்படி அவர் மனைவி முத்துமீனாவிடம் கேட்டார். டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டியதுதான் தாமதம், திரையில் கோடு எகிறியது. மூன்று வருடத்தில் அப்படி ஒரு கோட்டை ஹெப்சிபா பார்த்ததில்லை.

கிளம்பிய ஆசை அடங்கும்வரை ஆளை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த விதியை எழுதியவரே ஹெப்சிபாதான். அன்றைக்கோ அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. பத்தே நிமிடத்தில், "கிளம்புங்கண்ணே" என்றார்.

"ஒரு மணி நேரம் இருக்கணும்னு சொன்னீங்களே மேடம்? இருந்துட்டே போறேன்," என்றார் அழகுபாண்டி.

"உங்களுக்கு அதெல்லாம் தேவையில்லண்ணே. நீங்க ஸ்ட்ராங்கு."

ஆசை வெட்கம் அறியாது என்பது குடிகாரர்களுக்கு மட்டும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் அழகுபாண்டி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஹெப்சிபாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு போன் போட்டு விசாரிக்க எவ்வளவு நேரமாகும்? போனை எடுப்பார், வைத்துவிடுவார். ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது சபையோடு சேர்ந்து வாயசைத்தார். இந்த ஒன்றை மட்டும் அதில் சேர்க்கப் பயமாக இருந்தது.

இருபதாம் நாள் முத்துமீனாவே வந்துவிட்டார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அன்னைக்குச் சாயங்காலமே கடைக்குப் போயிட்டாரு மேடம். இன்னும் நிறுத்தல. எல்லாம் என் கையாலதான். நாந்தான ஈரல வறுத்துக் குடுத்தேன்? பாவி, மணக்க மணக்க வறுத்தேனே!"

கணவர் குடியை விடும்வரை தன் சோற்றில் உப்பு சேர்ப்பதில்லை என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாராம்.

நல்லவேளை, இவர் நம்மைச் சந்தேகிக்கவில்லை என்று ஒரு கணம் ஹெப்சிபாவின் மனசு ஆறுதல்பட்டது. அப்படி ஆறுதல்பட்டதற்காகவே தன்மேல் காறித் துப்பலாம்போல இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

"உங்க மேல தப்பே இல்ல முத்துமீனா. அவர ஒரு மணி நேரம் உக்கார வச்சிருக்கணும். நான் பத்து நிமிசத்துல அனுப்பிட்டேன்."

முத்துமீனா கோபப்படவில்லை. "உங்களுக்கு எம்புட்டு வேல இருக்கும் மேடம். ஒருநா மறக்கிறதுதான். அந்த மனுசனுக்குல்ல புத்தி வேணும்? இருந்துட்டுப் போறேன்னு ஒரு வார்த்த கேட்டா வாயி வெந்தா போயிரும்?"

அழகுபாண்டி வீட்டில் எதையும் சொல்லவில்லை போலிருக்கிறது. இனிமேல் சொன்னாலும் குடிகாரன் பேச்சு என்றுதான் ஆகும். இதோடு விட்டுவிடலாம். மன்னிப்பு தானாக வந்திருக்கிறது, வாங்கிக்கொண்டால் ஆராய்ச்சியும் பிழைக்கும், பேரும் பிழைக்கும்.

"கேட்டாரு," என்றார் ஹெப்சிபா.

"என்ன கேட்டாரு?"

"இருந்துட்டே போறேன்னு கேட்டாரு. நாந்தான் வேணாம்னு அனுப்பினேன். மறந்தெல்லாம் போகல. ரிசல்ட் நல்லா வந்திருச்சு, அதப் பாக்கிற அவசரம்."

முத்துமீனா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவரு தப்பிக்கத்தான் பாத்திருக்காரு," என்றார். "இருபது நாளா அந்த மனுசன நான் என்னென்ன பேசிட்டேன் தெரியுமா? மானமில்லயா, ரோசமில்லயான்னு. அதும் புள்ளைக முன்னாடி."

"என்னைய மன்னிச்சிருங்க."

"எங்கிட்ட எதுக்கு? வீட்டுக்கு வந்து அவருகிட்ட சொல்லுங்க. புள்ளைகளும் கேக்கட்டும்."

பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. முத்துமீனா அதில் உட்காராமல் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வில்லாபுரம் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.