ஏரிக்குத் திரும்பிய கெளுத்தி

வலையில் மூன்றாவது கெளுத்தியும் வந்தபோது ராதிகா அதைக் கரையிலேயே போட்டு வயிற்றைக் கீறினாள். உள்ளே ஏழு கட்லா மீன் குஞ்சுகள். மூன்று வாரத்துக்கு முன் அவள் கையாலேயே ஏரியில் விட்டவை.

தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஏரியை அவளும் இன்னும் ஐந்து பெண்களும் மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். வளர்க்கவே தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி எப்போது புகுந்ததோ, விட்ட குஞ்சையெல்லாம் தின்று தீர்த்தது. அதனால் கோடையில் தண்ணீரை இறைத்து ஏரியைக் காயவைத்தார்கள். பதினொரு நாள் முழங்கால் சேற்றில் நின்று, பதுங்கியிருந்ததையெல்லாம் துழாவிப் பிடித்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். மழையில் ஏரி நிறைந்த பிறகுதான் புதுக் குஞ்சு விட்டார்கள். சேற்றில் நின்றபோது அவர்களில் தாயம்மாவின் உள்ளங்கையைக் கெளுத்தி முள் கிழித்து இரண்டு தையல். அப்போது மாரிகுப்பத்து டென்சில் கரையில் நின்று எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, எங்க ஊர் வீராங்கனைகள் என்று வாட்ஸ்அப்பில் போட்டார்.

ராதிகா மீன்வளத்துறை அதிகாரி மஞ்சுநாத்துக்கு போன் செய்தாள். அந்த மீனை அடியோடு ஒழிப்பது கஷ்டம், ஒரு ஜோடி தப்பினாலே போதும் என்றார் அவர். அவள் போனை வைத்துவிட்டு மூன்று மீனையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். மூன்றும் முழங்கை நீளம், ஒரே அளவு. தப்பிப் பிழைத்த மீன் இப்படி அளவெடுத்தாற்போல் வளராது. இது தீனி போட்டு வளர்த்தது.

அவளும் தாயம்மாவும் ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயோடு மேலே நடந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே கோழிக்கழிவு நாற்றம் குடலைப் பிடுங்கியது. தகர வேலிக்குப் பின்னால் பச்சை வலை மூடிய மூன்று குழிகள். இரண்டில் கெளுத்தி நெளிந்துகொண்டிருந்தது. மூன்றாவது காலி, அதன் கரையைக் கால்வாய்ப் பக்கம் மண்வெட்டியால் வெட்டிவிட்டிருந்தார்கள். யார் இடம் என்று பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்டார்கள். டென்சிலுடையது என்றார்.

ராதிகாவுக்குக் காது மடல் சுட்டது. நேராக மாரிகுப்பம் போனாள். ஞாயிற்றுக்கிழமை, டென்சில் சர்ச்சிலிருந்து வந்து சட்டைகூட மாற்றவில்லை. அவர் மறுக்கவில்லை. சோதனைக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு குழியைத் திறந்துவிட்டாராம். மற்ற இரண்டைத் திறப்பதற்குள் வெறும் வதந்தி என்று தெரிந்துபோயிற்றாம். ஏதோ அதிர்ஷ்டம் அடித்தது போலச் சொன்னார்.

"இன்னா ராதிகா, இதுக்குப் போயி இப்டி வந்து நிக்கிறே? அந்த மீனு எப்பவும் போவாதுன்னு ஆபீசரே சொல்றாரு."

"போவாதுன்னு நீங்க சொல்லக் கூடாதுண்ணா. நாங்க சேத்துல நின்னப்போ கரையில நின்னு படம் புடிச்சீங்க. அப்பவே உங்க குழியில இது இருந்துச்சு இல்ல?"

டென்சிலின் மனைவி லவினா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாயம்மா கையில தழும்பு கீது. வந்து பாருங்க" என்றாள் ராதிகா.

தான் ஒருவன்தானா, பேத்தமங்களா வழியில் இன்னும் நாலு பேர் இதே மாதிரிக் குழி வைத்திருக்கிறார்களே என்று அவர் சீறினார். பெயர்களைச் சொல்லச் சொல்லி ராதிகா எழுதிக்கொண்டாள்.

மறுநாள் புகார் கொடுத்தாள். மஞ்சுநாத் ஆட்களோடு வந்து இரண்டு குழிகளையும் வற்றவைத்தார். டென்சிலும் சேற்றில் இறங்கி மீன் பொறுக்க வேண்டும் என்று ராதிகா பிடிவாதமாக நின்றாள். அவர் பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கினார். வழுக்கி விழுந்தபோது ஒருத்தியும் சிரிக்கவில்லை, கை கொடுக்கவும் இல்லை.

அந்த நாலு பேரில் இரண்டு பேர் குழியை மூடிவிட்டார்கள். ஒருவருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. இன்னொருவர் கேட்டையே திறக்கவில்லை.

மழைக்காலத்தில் ஏரியை மறுபடி காயவைக்க முடியாது. ஆறு பேரும் வாரம் இரண்டு தரம் வலை இழுத்தார்கள். ஐப்பசியில் ஓர் இழுப்புக்குப் பத்து கெளுத்தி வந்தது. மார்கழியில் இரண்டு, மூன்று. ஒருநாள் வராமலே போய்விடுமா என்று தாயம்மா கேட்டாள். தனக்குத் தெரியாது என்றாள் ராதிகா.

கேட்டைத் திறக்காதவர் வீட்டுக்கு அவள் வாரா வாரம் போகிறாள். போன வாரம் நாய் மட்டும் குரைத்தது. இந்த வாரமும் போவாள்.