வேட்டைக்கு வாழ்த்துச் சொன்னவள்

இத்தாலியின் காயல் ஊரான கொமாக்கியோவில் விலாங்கு மீனைவிட மலிவாகக் கிடைப்பது கருத்துதான். நவம்பரில் ஹங்கேரிக்கு வாத்து வேட்டைக்குப் போகிற நால்வரும் காப்பிக்கடையில் உட்கார்ந்து திட்டம் போட்ட அன்று அது ஆறாக ஓடியது. வேட்டைக் குழுவின் தலைவர் ஒத்தோரினோ வரைபடத்தை விரித்திருந்தார். மருந்துக்கடை சாந்தே, ஹங்கேரிக்காரன் சாப்பாட்டில் மிளகாயைத் தவிர ஒன்றும் இருக்காது, நம் தொத்திறைச்சியை ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும் என்று அடம்பிடித்தார். சாந்தேயின் மைத்துனர் வழக்கம்போல் வாயே திறக்கவில்லை. நாலாவது ஆளான குவால்தியேரோவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

அவருக்கு ஒரே கவலைதான். பக்கத்தில் காகிதங்களோடு நின்றிருந்த மகள் நிவேஸ் இந்த முறை தங்களோடு வரவேண்டும். துப்பாக்கி அனுமதி, நாய்களுக்கு ஊசி போட்ட சான்று, ஏரிக்கரை விடுதி என்று எல்லாவற்றையும் ஹங்கேரிக்காரர்களோடு ஜெர்மன் மொழியில் பேசி ஏற்பாடு செய்தவள் அவள். சுடுவதிலும் யாருக்கும் சளைத்தவள் இல்லை. போன குளிர்காலத்தில் நம் காயலில், அப்பா இரண்டு தோட்டாவை வீணாக்கிய வாத்தை அவள் ஒரே தோட்டாவில் வீழ்த்தினாள். தன் மானம் போனதையும் பார்க்காமல் அதை ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவர் அவரேதான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டும் விட்டார். ஒத்தோரினோ தலையை நிமிர்த்தவில்லை. வண்டியில் நாலு பேர், மூன்று நாய், அதற்குமேல் ஈ நுழையாது என்றார். ஒரு நாயை விட்டுவிட்டுப் போகலாமே என்றார் குவால்தியேரோ. பெற்ற தாயை விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்டதுபோல் சாந்தே அவரைப் பார்த்தார். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். குவால்தியேரோவின் கை மட்டும் தனியாக மேலே நின்றது. மகள் முன்னால் அப்படி நின்றது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

நிவேஸ் முகம் வாடவில்லை. காகிதங்களை அடுக்கி ஒத்தோரினோவிடம் கொடுத்தாள். மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி, கடைக்கே கேட்கும்படி இனிமையாகச் சொன்னாள்.

"வேட்டை நல்லபடியா நடக்கட்டும் மாமா. வண்டி கொள்ளாத அளவுக்கு வாத்தோட வாங்க."

வேட்டைக்குப் போகிறவனை ஓநாய் வாயில் போய் விழு என்று சொல்லலாம், அதுதான் முறை. நல்லபடியாக நடக்கட்டும் என்று மட்டும் சொல்லவே கூடாது. சொன்னால் ஓர் இறகுகூடக் கிடைக்காது. இரும்பைத் தொட்டால் தோஷம் கொஞ்சம் தணியுமென்று சாந்தே பாய்ந்து மேசையின் இரும்புக் காலைத் தொட்டார். மைத்துனர் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி," என்றார் ஒத்தோரினோ. "தெரிஞ்சேதான் சொன்னியா?"

"இந்த ஊர்லதானே பொறந்தேன், தெரியாம இருக்குமா?"

இதற்குப் பரிகாரம் ஒன்றுதான். வாழ்த்தினவரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். கூட வருகிற ஆள் சொன்னால் அது வாழ்த்தாகாது, வெறும் ஜம்பம், ஜம்பத்துக்குத் தோஷமில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் இது தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் மனமில்லை.

மைத்துனர்தான் சொன்னார். "அவளும் வரட்டும். வெறுங்கையோட திரும்பறதைவிட நெருக்கியடிச்சுக்கிட்டே போயிடலாம்."

அந்த மனிதர் பேசிவிட்ட பிறகு யார் என்ன மறுத்துப் பேசுவது? சாந்தே தலையாட்டினார். ஒத்தோரினோ வரைபடத்தை மடித்தார், மறுபடி விரித்தார், பிறகு நாற்காலி ஒன்றை நிவேஸ் பக்கம் காலால் தள்ளிவிட்டார். அவள் வந்து உட்கார்ந்தாள். உடனே அவர் குவால்தியேரோ பக்கம் திரும்பினார்.

"நீதானே இதைச் சொல்லிக்கொடுத்தே?"

ஆமாம் என்று சொல்லிவிட அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். ஆனால் அவள் ஜெயித்ததில் தான் பங்கு கேட்பதா?

"நான் கேட்டுத் தோத்தவன்," என்றார் கடைசி மேசைக்கும் கேட்கும்படி. "இது அவளாவே செஞ்சது. எம் பொண்ணு."