வாசலுக்கு வந்த பித்ரா அரிசி

திருக்கழுக்குன்றத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த காஜா மொய்தீனுக்கு எட்டு சைக்கிள்கள் இருந்தன. எட்டையும் ஊரார் ஓட்டினார்கள். அவன் மட்டும் எங்கே போனாலும் நடந்து போனான். கேட்டால், "டயர் தேயுமில்ல?" என்பான்.

அந்த எட்டும் செங்கல்பட்டில் உலகநாத முதலியார் கடையில் தவணைக் கடனுக்கு எடுத்தவை. முதலியார் நெருக்குகிற மனுஷர் இல்லை. மூன்று வருஷத்தில் மெல்லக் கட்டினால் போதும் என்றுதான் கொடுத்தார். ஆனால் காஜா மொய்தீனுக்கு இடையில் ஓர் ஆசை வந்துவிட்டது. கழுகு பார்க்க மலையேறி இறங்கும் வெளியூர்க்காரர்கள் மத்தியானம் அவனிடம் சைக்கிள் எடுத்துக்கொண்டு மகாபலிபுரம் போவார்கள். சாயங்காலம் திரும்பும்போது தலைமயிரெல்லாம் மணலும் முகமெல்லாம் சிரிப்புமாக இருப்பார்கள். மணிக்கு இவ்வளவு என்று ஊருக்கெல்லாம் நேரத்தை வாடகைக்கு விடுகிறோம், நமக்கென்று ஒரு மணி நேரம் இல்லையே என்று அவனுக்குத் தோன்றியது. கடனை ஒன்றரை வருஷத்தில் அடைத்துவிட வேண்டும். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டு, மனைவி சுராயாவோடு கடலோரம் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி சிக்கனம்.

நல்ல எண்ணம்தான். வீண் செலவு ஆண்டவனுக்கும் பிடிக்காது. ஆனால் எதற்கும் ஓர் அளவு உண்டு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நின்று கேட்டிருக்க மாட்டான். அதற்கு அவனுக்கு நேரம் ஏது?

தீக்குச்சியை பிளேடால் இரண்டாக நீளவாக்கில் பிளந்தான். சந்தைக்கு அருகில் போனால் சில்லறை செலவாகிவிடும் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போனான். விறகு வாங்குவதை நிறுத்திவிட்டு, விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் இரண்டு மைல் நடந்து சுள்ளி பொறுக்கினான். புது ட்யூப் வாங்காமல் பழைய ட்யூபுக்கே ஒட்டுப் போட்டான். ஒட்டுக்கு மேல் ஒட்டு, அதற்கும் மேல் ஒட்டு. ஒரு ட்யூபை உட்கார வைப்பதற்குள் ஒரு பகல் போய்விடும். ஓய்வுக்காகச் சிக்கனம் தொடங்கியவன், பொழுது விடிந்ததிலிருந்து படுக்கும் வரை சிக்கனத்துக்காகவே உழைத்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூட வாத்தியார் ராஜாராம் ஒருநாள் வாடகைக்கு எடுத்த சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"யோவ் பாயி, இன்னாய்யா இது! போவும்போது நான் இது மேல ஏறிப் போனேன். வரும்போது இது என் மேல ஏறி வந்துகினு கீது. யாரு யாருக்கு வாடகை குடுக்கணும், நீயே சொல்லு."

"ஒரு ஒட்டுதான் சார், பிரிஞ்சிருக்கும். குந்துங்க, இதோ ஒட்டிடறேன்."

"ட்யூபு எங்கய்யா கீது இதுல? வெறும் ஒட்டுதான கீது!"

காஜா மொய்தீன் சிரித்துக்கொண்டான். அவன் மனசில் கடல் அலை அடித்துக்கொண்டிருந்தது.

கத்திரி வெயிலோடு நோன்பு மாதம் வந்தது. சாயங்காலம் நோன்பு திறப்பதற்காகப் பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சுவார்கள். யார் வேண்டுமானாலும் பாத்திரம் கொண்டு வந்து வாங்கிப் போகலாம். இந்துக்கள் வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். முதல் நாள் காஜா மொய்தீன் ஒரு சொம்பு கொண்டு போனான். கஞ்சி கெட்டியாக, பூண்டு மணக்க, கறித்துண்டு தட்டுப்பட இருந்தது. இரண்டாம் நாள் தூக்குவாளி. ஐந்தாம் நாள் சோறு பொங்குகிற குண்டான். நோன்பு திறக்கவும் கஞ்சி, இராச்சாப்பாட்டுக்கும் கஞ்சி, விடியுமுன் சஹருக்கும் அதே கஞ்சி. வீட்டில் அடுப்பு எரியவில்லை. அரிசிச் செலவு மிச்சம். சுள்ளியும் மிச்சம்.

கஞ்சி ஊற்றுகிற முனீர் கரண்டியை நிறுத்திக் கேட்டான்:

"மச்சான், நாளைக்கு அண்டாவையே உன் வூட்டாண்ட கொண்டாந்து எறக்கிடட்டா? உனக்கு நடை மிச்சம்."

"ஊத்துப்பா. நன்மைதான உனக்கு."

"எனக்கு நன்மை, சரி. உனக்கு இன்னா?"

ராஜாராம் வாத்தியாரோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "மலை மேல ரெண்டு கழுகு மத்தியானம் டான்னு வந்து சோறு துன்னுட்டுப் போவுது. மலைக்குக் கீழ நம்ம காஜா பாய் சாயங்காலம் டான்னு வர்றாரு."

சுராயாவுக்கு அந்தக் குண்டானைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. "கஞ்சி குடிச்சுக் குடிச்சு நாக்கு வழவழன்னு ஆயிடுச்சி. பெருநாளைக்கு எல்லாரும் துணி எடுக்கறாங்க. எனக்கு?" என்றாள்.

"உள்ள சேலைய உள்பக்கம் திருப்பிக் கட்டு. அந்தப் பக்கம் இன்னும் புதுசாத்தான் கீது."

அவள் எழுந்து போய்ச் சேலையை அப்படியே திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தாள். பதில் சொல்வதையும் சிக்கனப்படுத்திவிட்டாள் போலிருக்கிறது.

நோன்பின் கடைசி நாள் அவன் செங்கல்பட்டுக்கு ஒன்பது மைல் நடந்து போய்க் கடைசித் தவணையைக் கட்டினான். உலகநாத முதலியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நோன்பு வச்சிகினு இந்த வெயில்ல நடந்தா வந்தே? எங்கிட்ட எட்டு சைக்கிள் எடுத்தவன் நடந்து வர்றத நாலு பேர் பாத்தா என் சரக்கப் பத்தி இன்னா நெனைப்பான்? நான் அவசரப்படுத்தினனா அண்ணாத்த?"

"இல்லீங்க முதலியார். கடன் தீந்தா கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்னு."

"இப்பிடியே போனா சீக்கிரமே கெடைக்கும். நெரந்தரமா," என்று சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்து இழுத்துப் போய் பஸ்ஸில் ஏற்றி, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். அந்த ஆறணா மிச்சத்தை எண்ணிக்கொண்டே காஜா மொய்தீன் ஊர் வந்து சேர்ந்தான்.

நோன்பு திறந்து, பிறையும் தெரிந்து, தெருவில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் நுழைந்தான். நடுக்கூடத்தில் மூன்று துணிப்பைகள் இருந்தன. சுராயா அவற்றைத் தொடாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா இது?"

"அரிசி. பித்ரா அரிசி."

பெருநாள் தொழுகைக்கு முன்னால், வசதியுள்ளவர்கள் வீட்டில் தலைக்கு இவ்வளவு என்று அளந்து, ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டிய தர்மம் அது. கொடுக்காமல் தொழுகைக்குப் போனால் முப்பது நோன்பும் குறையோடு நிற்கும் என்பார்கள்.

"யாருக்குக் குடுக்கச் சொல்லி நம்ம வூட்டுல வச்சாங்க?"

"நமக்குத்தான். குண்டானப் பாத்தாங்க, உங்க கிழிஞ்ச லுங்கியப் பாத்தாங்க, நான் சேலையத் திருப்பிக் கட்டினதப் பாத்தாங்க. பாவம், கடன்ல முழுகிட்டான்னு நம்ம பேர ஏழைங்க லிஸ்ட்டுல போட்டுட்டாங்க. முனீர் வூட்டுலருந்து ஒண்ணு. பக்கத்து வூட்டு சுலைமான் குடுத்தது ஒண்ணு."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், காஜா மொய்தீனின் புத்தி மூன்று பையையும் சேர்த்துப் பார்த்து, பத்து நாளைக்கு வரும் என்று சொல்லிற்று. அந்தக் கணத்தை அவன் பிற்பாடு ஒருநாளும் நினைக்க விரும்பியதில்லை.

சுராயா அவன் முகத்தைப் படித்துவிட்டாள். "வாங்கலாந்தான். கடன்காரனுக்கு வாங்கறதுக்கு உரிமை கீது. ஆனா நீங்க காலையிலதான் அத்த அடச்சிட்டீங்களே. நாலணா பாக்கி வச்சிட்டு வந்திருக்கக் கூடாது?"

அவன் பொத்தென்று உட்கார்ந்தான். வாங்கினால் பாவம். திருப்பிக் கொடுத்தால், கையில் காசை வைத்துக்கொண்டு முப்பது நாள் பள்ளிவாசல் கஞ்சியில் குடும்பம் நடத்தியவன் என்று ஊருக்குத் தானே தம்பட்டம் அடிக்க வேண்டும்.

"ஓசைப்படாம வேற யாராவது ஏழை வூட்டுல வச்சிட்டா?"

"அவங்க குடுத்தத நீங்க குடுக்கறதா? நம்ம ரெண்டு பேர் தலைக்கு நாம குடுக்க வேண்டியது எங்க? அது உங்க கணக்குல வந்துச்சா?"

வரவில்லை. ஒன்றரை வருஷமாகத் தன்னை ஏழை என்று நினைத்து நினைத்து, அதை மறந்தே போய்விட்டான்.

"மூணாவது பை யாருது?"

"ரோஷன் பீவி அக்காது."

ரோஷன் பீவி தெருக்கோடியில் இடியாப்பம் அவித்து விற்கிறவள். புருஷன் போன நாளிலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் பித்ரா வாங்குகிறவர்கள் பட்டியலில் அவள் பேர்தான் முதலில் இருக்கும். அவள் கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

முதலில் சுலைமான் வீட்டுக்குப் போனான். சுலைமான் ஒன்றும் கேட்காமல் பையை வாங்கிக்கொண்டான். அது இன்னும் வலித்தது. முனீர் வேறு மாதிரி. வாசலிலேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"காசு இருந்துதா! அடப்பாவி மச்சான், உனக்காவ தெனம் அடியில இருந்து கறியாப் பொறுக்கிப் போட்டனேடா! இன்னிக்கே தெருவுக்கெல்லாம் சொல்லலைன்னா என் வயிறு வெடிச்சிடும்."

சொல்லியும் விட்டான். தெருக்கோடிக்குப் போவதற்குள் இரண்டு திண்ணைகளில் சிரிப்புச் சத்தம் காஜா மொய்தீனைத் தாண்டிப் போயிற்று. அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

ரோஷன் பீவி வீட்டுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. மறுநாளைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கையைக் கழுவிவிட்டு மணையை இழுத்துப் போட்டாள்.

"குந்து தம்பி. வெக்கப்படாத. மொத வருசம் அப்பிடித்தான் இருக்கும், தலைய நிமிர முடியாது. நான் பதினோரு வருசம் வாங்கினவ, எனக்குத் தெரியாதா? கைய நீட்டும்போது குடுக்கறவங்க மொகத்தப் பாக்காத, அரிசியப் பாரு. அடுத்த வருசம் பழகிடும். அதுக்கடுத்து, ஆண்டவன் நாடினா, நீயும் என்ன மாதிரி குடுப்ப." மாவுச் சட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "இந்த வருசந்தான் தம்பி என்னையும் குடுக்கற கையா ஆக்கினான். கொறஞ்சிடப் போவுதுன்னு பயந்தேன். மூணு தரம் அளந்தேன்."

பேசாமல் போய்விடலாமா என்று அவன் கால்கள் யோசித்தன. அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்? ஆனால் அந்த அரிசி நாளைத் தொழுகைக்குள் உரிய வீட்டுக்குப் போய்ச் சேராவிட்டால், பதினோரு வருஷம் காத்திருந்து அவள் கொடுத்த முதல் தர்மம் ஒரு கஞ்சனின் பானைக்குள் போய் விழுந்ததாகிவிடும். பொய்யை வைத்து அவளைச் சந்தோஷப்படுத்த அவனுக்கு மனம் வரவில்லை.

"அக்கா, நான் ஏழை இல்லக்கா," என்றான்.

காலையில் கடனை அடைத்துவிட்டதை அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தக் குண்டான்?"

"சிக்கனம்."

"எதுக்கு?"

"கடன் தீந்துட்டா, மாபலிபுரத்துல கடலோரமா ரெண்டு நாள் சும்மா குந்தியிருக்கலாம்னு."

"சும்மா குந்தறதுக்கா முப்பது நாள் வரிசையில நின்னே?"

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பையைத் தன் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"மொதல்ல நான் வேற ஒருத்திக்குத்தான் குடுக்க நெனச்சேன். சதுரங்கப்பட்டினத்துல பதருன்னிசான்னு. அவ புருஷன் கடல்ல போனவன். ரெண்டு பேரும் ஒண்ணா வாங்கினுருந்தோம். உன் பொண்டாட்டி சேலையப் பாத்துட்டு, பக்கத்துல இருக்கறவங்கதான் முன்னன்னு இங்க குடுத்துட்டேன். இனி எப்பிடிப் போவேன்? காலு வரல. காலையில எட்டு மணிக்குத் தொழுகை."

"நான் போறேன்க்கா."

"நடந்தா?"

அவன் முகம் சிவந்தது. "சைக்கிள்ல," என்றான்.

விடியற்காலை இருட்டோடு அவன் எட்டு சைக்கிள்களில் ஒன்றை எடுத்து, பின்னால் ரோஷன் பீவியின் பையையும், சுராயா தங்கள் இருவர் தலைக்கும் அளந்து, கூட ஒரு கை அள்ளிப் போட்ட பையையும் கட்டினான். நல்ல சைக்கிளாக இருக்க வேண்டுமே என்று தேடி, ட்யூபில் ஒட்டு குறைவாக இருந்த ஒன்றை எடுத்திருந்தான். ஒன்றரை வருஷத்தில் அவன் ஏறி மிதித்தது அன்றுதான். சவுக்கைத் தோப்பு தாண்டியதும் கடல் காற்று முகத்தில் அடித்தது. வானம் வெளுக்கும்போது சதுரங்கப்பட்டினத்தில் வைகறைத் தொழுகையை முடித்துக்கொண்டு பதருன்னிசாவின் குடிசை வாசலில் நின்றான்.

அந்த அம்மாள் வயது தெரியாத ஒல்லி உடம்பு. தன் வீட்டுப் பையை முதலில் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள். இரண்டாவது பையை நீட்டி, "இது திருக்கழுக்குன்றத்துலருந்து ரோஷன் பீவி அக்கா குடுத்தது," என்றான்.

"யாரு?"

"இடியாப்பம் விக்கறவங்க."

"ரோஷனா? ரோஷனா குடுத்தா?" பதருன்னிசா பையைக் கீழே வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு பையை வாசற்படியில் வைத்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, அங்கேயே ஆண்டவனிடம் கையேந்தி நெடுநேரம் துஆ கேட்டாள். காஜா மொய்தீன் பக்கத்தில் நின்றான். கடல் இரண்டு குடிசைக்கு அப்பால்தான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

மணி ஏழுக்குத் திருக்கழுக்குன்றம் வந்தபோது, ஊரே குளித்துப் புதுத்துணி உடுத்திப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. "இன்னா மச்சான், சதுரங்கப்பட்டினத்துலயும் கஞ்சி ஊத்தறாங்களா?" என்று முனீர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். காஜா மொய்தீனும் சிரித்துவிட்டு மிதித்துக்கொண்டு போனான்.

ரோஷன் பீவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்க்கா. அவங்க கையில."

"என் பேரச் சொன்னியா?"

"சொன்னேன். நம்ப முடியாம ரெண்டு தரம் கேட்டாங்க. அப்பறம் துஆ செஞ்சாங்க."

"இன்னான்னு?"

"யா அல்லாஹ், ரோஷன் கைய எப்பவும் மேல வச்சிரு, அது கீழ எறங்க வேணாம்னு கேட்டாங்க. அவ அடுப்பு அணையாம இருக்கட்டும்னு கேட்டாங்க. நெறையக் கேட்டாங்க அக்கா."

ரோஷன் பீவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கிக்கொண்டு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் இன்னும் குளிக்கவில்லை. வீட்டில் சுராயா காத்திருப்பாள்.

"நெறையன்னா? மொதல்லருந்து சொல்லு தம்பி. ஒண்ணும் வுடாம சொல்லு."

காஜா மொய்தீன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான். முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.