வடித்துக் கொட்டிய நிறம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை தானாக என் மனதில் உதித்ததல்ல. ஓர் ஆரோக்கிய இதழின் ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டு, ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த உணவுகளைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார். பத்து உணவு, பத்துப் பலன், அவ்வளவுதான் என்றார். நானும் மண்டையை ஆட்டினேன். (தொலைபேசியில் மண்டையை ஆட்டினால் யாருக்குத் தெரியும்? பிறகு சரி என்று வாயாலும் சொன்னேன்.)

முதல் வரி: "நம் உடலிலுள்ள கோடானுகோடி செல்கள்..." எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "மாதுளையின் மகத்துவத்தை அறியாதவர்..." சே.

மூன்றாவது: "பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் ஒருவர், மனைவி சாப்பிடவில்லையே என்று அழுதார்." இவரை எனக்குப் பிடித்துவிட்டது. பத்து உணவும் பத்துப் பலனும் எக்கேடோ கெடட்டும்.

2

கடையில் அவரைக் கலர்க்காரர் என்பார்கள். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுபோய் நீட்டினால் போதும். அதே நிறத்தைக் கலந்து, அட்டையில் ஒரு இழுப்பு இழுத்து, காயவைத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். அவர் மனைவி சலவைக்கடையில் கறை எடுப்பவர். ஒருவர் நாளெல்லாம் நிறம் ஏற்றுகிறார், மற்றவர் நாளெல்லாம் நிறம் இறக்குகிறார். இதை வைத்து அந்த வீட்டில் நடக்காத கேலி இல்லை.

இரண்டு மாதம் முன்பு அந்த அம்மாவுக்கு நெஞ்சுவலி. இதயக் குழாயில் அடைப்பு என்று சிகிச்சை செய்து அனுப்பினார்கள். மாத்திரை ஒழுங்காக உள்ளே போயிற்று; சாப்பாடுதான் இறங்கவில்லை. இரண்டு வாய் தின்றுவிட்டு, தட்டைத் தள்ளிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இப்படியே போனால் இவள் எனக்கு மிஞ்சுவாளா என்று கலர்க்காரர் அழுதார்.

[இந்த இடத்தில் ஒரு மகளைக் கொண்டுவந்து சமைக்க வைத்தேன். கதை ரொம்பச் சுலபமாகிவிட்டது. அதனாலேயே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இவர் அடுப்படிக்குள் நுழைந்தே ஆகவேண்டும்.]

3

ஆஸ்பத்திரியிலிருந்த உணவு ஆலோசகர் கலர்க்காரருக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். மாத்திரையை நிறுத்தக் கூடாது. கூடவே தட்டில் பல நிறம் இருக்கட்டும்: கீரை, கேரட், பீட்ரூட், ஊதா முட்டைக்கோஸ், கறுப்புத் திராட்சை. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பெயிண்ட் அடிக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி என்றார். கலர்க்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: உடம்பு இரும்பல்ல. செல்களைச் சேதப்படுத்தும் சில மூலக்கூறுகளை இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் சத்துகள் மட்டுப்படுத்துகின்றன என்பதுவரை சொல்லலாம். அடைப்பையே கரைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே சொன்னாலும்.)

கடையிலிருந்து நிற அட்டையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். பீட்ரூட்டை நகத்தால் கீறி அட்டையோடு ஒப்பிட்டார். வெளிறியதைத் திருப்பி வைத்தார். காய்கறிக்காரி, "காய் வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டதைக்கூடக் காதில் வாங்கவில்லை.

முட்டைக்கோஸை வேகவைத்தார். தண்ணீர் ஊதாவானது. அவர் தொழிலில், தண்ணீர் பட்டுக் கரைகிற நிறம் மட்டமான சரக்கு. முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீரை வடித்துக் கொட்டினார். புதுத் தண்ணீர் விட்டார். மறுபடியும் ஊதா, மறுபடியும் கொட்டல். நான்காவது தண்ணீர் தெளிவாக நின்ற பிறகுதான் அவருக்கு நிம்மதி. அதைக் கிண்ணத்தில் போட்டுக் கட்டிலுக்குக் கொண்டுபோய், கண் கலங்க ஊட்டப் பார்த்தார். அந்த அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எட்டு நாள் இதே கதை. (எட்டையும் எழுதினேன். உங்கள் மேல் இரக்கப்பட்டு ஏழு நாட்களை நீக்கிவிட்டேன்.)

4

ஒன்பதாம் நாள் காலை, தண்ணீர் குடிக்க எழுந்துவந்த அந்த அம்மா சிங்க்கைப் பார்த்தார். ஒரே ஊதா. பக்கத்துப் பாத்திரத்தில் வெளுத்துப்போன ஏதோ கிடந்தது.

"என்னங்க இது?"

"சாயம் போகுதும்மா. நாலு தண்ணி வடிச்சாதான் நிக்குது," என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

"எட்டு நாளா இப்படித்தானா?"

"ஆமா."

"அந்தச் சாயத்துலதாங்க சத்தே இருக்கு. அத்தனையும் சிங்க்குக்கு ஊட்டிட்டு, எனக்குச் சக்கையப் போட்டிருக்கீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சிரித்தார். கலர்க்காரர் பயந்துபோய் வலிக்கிறதா என்று கேட்டார். அந்த அம்மா இல்லையென்று கையை ஆட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நீங்க அழுதுகிட்டே ஊட்ட வந்தா, நான் போகப்போறேன்னே எனக்குத் தோணுதுங்க. எப்படி இறங்கும்?"

இப்போது அவருக்கு அழவும் பயமாக இருந்தது. (எனக்கு அந்தப் பயமில்லை. எழுதுகிறவன் அழுவது வெட்கக்கேடு என்பதால் அடைப்புக்குறிக்குள் அழுகிறேன்.)

நகருங்க என்று அவரைத் தள்ளிவிட்டு, அந்த அம்மா மிச்சமிருந்த முட்டைக்கோஸைப் பச்சையாகவே மெலிதாக நறுக்கினார். எலுமிச்சை பிழிந்தார். ஊதா, பளீரென்று சிவந்தது. கேரட்டைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கிச் சேர்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார்.

5

"மூன்று மாதத்தில் ரிப்போர்ட் நார்மல்" என்று முடிக்கச் சொன்னார் ஆசிரியை. எழுதிப் பார்த்தேன். பொய் சொன்ன மாதிரி இருந்தது. ரிப்போர்ட் மாறவேயில்லை என்றும் ஒரு முடிவு எழுதினேன். அதுவும் எனக்குத் தெரியாத விஷயம்தானே? இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "நாளைக்கு என்ன வாங்கிட்டு வரப்போறீங்க?"

இரண்டு மாதமாக அந்த வாயிலிருந்து நாளை என்ற பேச்சே வந்ததில்லை. என்ன சொல்வது என்று கலர்க்காரர் என்னைப் பார்க்கிறார். எனக்குக் காய்கறி வாங்கிப் பழக்கமில்லை.

ஏதாவது ஒன்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள், மனுஷன் இப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.