சுஃப்ராவுக்கு அடியில்

சாப்பாட்டுத் துணியை விரிக்கும்போது வாடை இல்லை. சோற்றுத் தாம்பாளம் வந்து பத்து நிமிடம் ஆனதும் செத்த எலி நாற்றம் எழும்பியது. ஏன் என்று ஸமீராவுக்கு விளங்கவே இல்லை.

1996, பசுந்தாங்கில் விடாத மழை. அவள் கல்யாணமாகி வந்து நாற்பது நாள். கணவன் ஜுல்ஃபிகரின் பாட்டனார் ஈரான்காரர், பாட்டி காயல்பட்டினம். அதனால் வீட்டில் பேச்சு தமிழ், சாப்பாட்டு முறை ஈரான். பகலெல்லாம் தையல் மெஷின் ஓடும் கூடத்தில் சுஃப்ரா என்ற நீளத் துணியை விரிப்பார்கள். விரித்துவிட்டால் அதை யாரும் மிதிப்பதில்லை, தாண்டுவதுமில்லை. ரொட்டியைத் தட்டில்லாமல் விரிப்பின்மேலேயே வைப்பார்கள். சுற்றி அமர்ந்தவர்கள் குடும்பம். சுருட்டி எடுத்தால் மறுபடி தையல் கூடம்.

அந்த ரொட்டியைத் தொட்டாலே ஸமீராவுக்குக் குமட்டியது. மூன்று வாரமாக அடுப்படியில் தனியே சாப்பிட்டாள்.

"வாயும் வயிறுமா இருக்கியா மச்சி, இல்ல எங்க வூட்டுச் சோறு எறங்கலயா?" என்றாள் நாத்தனார் உம்மு சல்மா.

"சோத்துல ஒண்ணுமில்ல புள்ள. சுஃப்ராதான் நாறுது."

"அப்ப நாங்க மூக்கில்லாத ஜனம்!"

மாமனார் பர்கத்துல்லா சிரிக்கவில்லை. "சுஃப்ராவுல ஒக்காராதவ இந்த வூட்டுல விருந்தாளிதான். வெள்ளிக்கிழமையும் வரலன்னா ஒங்க வாப்பாவ வரச் சொல்றேன், கூட்டிட்டுப் போவட்டும்."

வியாழன் மதியம், சாப்பாடு முடிந்ததும், ஸமீரா சுருட்ட விடவில்லை. துணி அழுக்காகாமலிருக்க மேலே பிளாஸ்டிக் விரிப்பு போடுவது வழக்கம். அதன் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் துணி முழுக்கக் கரும்பூஞ்சணம், கொழகொழவென்று புளித்த தயிர், நசுங்கிய சோற்றில் நெளியும் புழு. கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

திரும்பி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு துணியைத் தொட்டுப் பார்த்தாள். தாம்பாளம் இருந்த இடம் மட்டும் சூடு. இப்போது விளங்கியது. தயிரும் குழம்பும் பிளாஸ்டிக் ஓரமாக அடியில் இறங்குகின்றன. சோப்புப் போட்டுத் துடைப்பது மேலே மட்டும். அழுக்குப் படவில்லை என்று துணியை யாரும் வெளுப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே சுருட்டுகிறார்கள். மறுநாள் சூட்டுத் தாம்பாளம் அந்த ஈரத்தை வேகவைக்கப் பத்து நிமிடமாகிறது.

வெள்ளிக்கிழமை பர்கத்துல்லா கேட்டார்: "பிளாஸ்டிக் எங்க?"

"அடியில மாமா. தாம்பாளம் வச்சுப் பத்து நிமிசமாச்சு, மோந்து பாருங்க."

குனிந்து மோந்தார், வாடையே இல்லை. நகர்ந்து அவளுக்கு இடம்விட்டார்.

ஸமீரா வைத்த புது முறை இது: பிளாஸ்டிக் தரைமேல், வெளுத்த துணி அதன்மேல். சாப்பிட்டதும் தனித்தனியாக உதறித் துடைத்து, துணியை அலசி அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போட வேண்டும். மறுநாளைக்கு வேறு துணி.