மடியில் விழும் எழுத்து

லியு யுன்சிங் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் தாளைவிட்டுக் கழன்று அவள் மடியில் விழும். முதல் வகுப்பில் நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி விழுந்தது. மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது கால் கிலோ; மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கொஞ்சம் கூடும். மெய்நோங் சந்தையில் அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் அவள் அம்மா சியூலானின் தராசில் நிறுத்துப் பார்த்தவர்கள் நாங்கள். எடையில் தகராறு இல்லை. விழுந்த கோடுகளையும் புள்ளிகளையும் கொண்டு அந்தப் பெண் எதையாவது கட்டிக்கொண்டிருப்பாள். தண்ணீரே இல்லாமல் சுற்றும் நீர்ச்சக்கரம் கட்டினாள், நிமிடம் பிசகாத கடிகாரம் கட்டினாள். பெயரை எழுதச் சொன்னால் மட்டும் அழுவாள்.

எழுத்துள்ள தாளை எங்கள் ஊரில் குப்பையில் போடுவதில்லை. பேருந்துச் சீட்டானாலும் சேர்த்துவைத்து, ஆற்றோரம் அதற்கென்றே கட்டிய செங்கல் சூளையில் எரித்து, சாம்பலை ஆற்றில் விடுவோம். கலப்பட எண்ணெய் விற்கிறவன்கூட இந்த ஒன்றில் ஏமாற்றமாட்டான். ஆகவே சியூலான் மாலைதோறும் மகள் கட்டியதைக் கலைத்து, கூடையில் அள்ளிப்போய், சூளையை மும்முறை குனிந்து வணங்கி எரித்தாள். சியூலான் நல்ல பெண்பிள்ளை என்று நாங்களும் சொன்னோம்.

மூன்றாம் வகுப்பில் அடுத்த இருக்கைப் பிள்ளைகளின் புத்தகங்களும் உதிரத் தொடங்கின. அவளை வேறு பள்ளிக்கு மாற்றச் சொல்லிப் பெற்றோர் கூடி மனுக் கொடுத்தார்கள். அதை யுன்சிங் கண்ணில் படாமல் கவனமாகக் கொடுத்தார்கள். மாவட்டக் குழு சான்றிதழ் தந்தால் உதவி ஆசிரியரோடு இங்கேயே படிக்கலாம், இல்லாவிட்டால் பருவ முடிவில் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் விடுதிப் பள்ளிக்குப் போகவேண்டும் என்று முடிவாயிற்று. சியூலானுக்கு அந்தப் பிள்ளையைத் தவிர ஒருவரும் இல்லை.

குழுவுக்கு இரண்டு மேசைகள்; எதில் சான்றிதழ் கிடைத்தாலும் போதும். திறமைசாலிகளின் மேசையில் கொடுத்த வினாத்தாள் நான்கு நிமிடத்தில் வெளுத்துப்போயிற்று. "வெள்ளைத் தாளுக்கு நான் எங்கேம்மா மார்க் போடறது?" என்றார் அங்கிருந்தவர். குறைபாட்டு மேசைக்குப் போவதற்குள், உதிர்ந்த வினாக்களால் அவள் ஒரு கடிகாரம் செய்துவிட்டாள். "இவ்ளோ மூளை இருக்கிற பிள்ளைக்கு உதவி எதுக்கு?" என்றார் அந்த மேசைக்காரர், அதைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே.

சியூலான் வேண்டுதலை இரட்டிப்பாக்கினாள். பழைய நோட்டுகளைக்கூட விடாமல் எரித்தாள். யுன்சிங் அதற்கேற்ப மந்தமானாள்.

தனிக்கவனிப்பு வகுப்பின் வென் டீச்சர்தான் வாய்விட்டுக் கேட்டவர். "நேத்து என்ன பாடம் படிச்சே, சொல்லு பார்ப்போம்."

"அம்மா எரிச்சுட்டாங்க, டீச்சர்."

டீச்சர் ஒரு பக்கத்து எழுத்துகளை மட்டும் எரிக்கவிடாமல் சாப்பாட்டு டப்பாவில் ஒரு வாரம் மூடிவைத்தார். ஏழு நாளும் அந்தப் பக்கத்தை யுன்சிங் பிசகாமல் சொன்னாள். எட்டாம் நாள் டப்பாவோடு கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"நானா?" என்றாள் சியூலான். கரண்டியைக் கீழே வைக்க மறந்துவிட்டாள். "சாமிக்குன்னுதானே டீச்சர் போட்டேன்..." பிறகு மகளிடம் திரும்பினாள். "அடியே, அப்பா கப்பல்லேர்ந்து போட்ட லெட்டர் பதினொண்ணும் உனக்குப் படிக்கக் குடுத்தேனே, போன வருஷம்?"

அவன் அந்தக் கப்பலிலேயே செத்துப்போனவன்.

யுன்சிங் யோசித்துப் பார்த்தாள். "அப்பா லெட்டர் போட்டாராம்மா?"

சியூலான் மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. நூடுல்ஸ் வடிகட்டியால் ஆற்றுச் சேற்றைச் சலித்தாள். சூளையிலிருந்து ஆறு ஓடும் திசையில் ஒரு மைல் தொலைவு வரை சலித்தாள். சாம்பல் எப்போதோ கடலுக்குப் போய்விட்டிருந்தது.

குழுவின் கடைசி விசாரணைக்கு, எரிக்காமல் சேர்த்துவைத்த எழுத்துகளை நான்கு சாக்கில் கட்டிக்கொண்டு சியூலான் போனாள். வினாக்களை வாசித்துச் சொல்லக்கூடாதென்று விதியில் வரி இல்லை என்பதால் வென் டீச்சர் வாசித்தார். யுன்சிங் வாயால் பதில் சொன்னாள். சொல்ல வராததைச் சாக்கிலிருந்து அள்ளிக் கட்டிக் காட்டினாள். இரு மேசைக்காரர்களும் அடுத்த மேசையைக் கைகாட்டினார்கள்.

"ரெண்டுலயும் பாதிப் பாதி போடுங்க" என்றாள் சியூலான்.

"இதென்ன காய்கறிக் கடையாம்மா?"

"காய்கறிக் கடையில இவ்ளோ நேரம் நிக்கவெக்க மாட்டோம், சார்."

ஒரு பருவம் கொடுத்தார்கள். வாசித்துச் சொல்ல ஆள், ஜன்னலோரம் தனி இருக்கை, பருவ முடிவில் மறுபரிசீலனை. இப்போது ஐந்தாவது மறுபரிசீலனை நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்பே சியூலான் கவலையில் தன் சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறாள். கடிதங்களில் ஒரு வரிகூடத் திரும்பவில்லை. அவர்கள் வீட்டில் எழுத்து முழங்கால் அளவு நிற்கிறது. கட்டிலுக்குப் போக ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. அங்கே போய்வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பைத் தட்டிவிட்டு வருகிறோம். ஒட்டிக்கொண்டு வருவது அந்தப் பெண் படித்தது.