காற்றுப் புகாத அலமாரி

டப்பாக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பெற்றோர் வைத்த பெயரைக் கேட்டால் தபால்காரரே ஒரு நிமிஷம் யோசிப்பார். முப்பது வருஷமாகப் பழைய வெள்ளி மூக்குப்பொடி டப்பாக்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். பொடியை மட்டும் ஒரு நாளும் தொட்டதில்லை. "பொடி போடாத மூக்குக்கு நாப்பத்தோரு டப்பா" என்று கேலி பண்ணி அந்தப் பெயரைச் சூட்டியதே அவர் மனைவிதான்.

சேர்த்தாரே தவிர, ஒழுங்காக வைக்க இடம் பார்த்தாரா? எல்லாம் பருத்தித் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடந்தன. வாய் மட்டும் ஓயாது. "காத்துதான்டி வெள்ளிக்கு எமன். காத்து புகாத அலமாரி ஒண்ணு இருந்தா எத்தனை வருஷமானாலும் கறுக்காது" என்பார். இன்னொரு சட்டமும் வைத்திருந்தார்: பழைய வெள்ளியைத் தேய்க்கவே கூடாது. ஒவ்வொரு தேய்ப்பிலும் மயிரிழை வெள்ளி போகும், செதுக்கிய வேலை மழுங்கும். ஒருமுறை அவள் ஆசையாக ஒரு டப்பாவைத் தேய்த்துப் பளபளவென்று வைத்ததற்கு, மகானுபாவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவளுக்கு நோய் வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். படுத்த படுக்கையானவள் சும்மா இருந்தாளா? இவர் மருந்துக்கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்துத் தச்சரை வரவழைத்து, அளவு சொல்லி, ஒரு நாள் கட்டிலுக்கு எதிரே கண்ணாடி அலமாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். தட்டுகளில் பச்சைக் கம்பளித் துணி. கதவைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் பட்டை.

"சாத்திப் பாருங்க, புஸ்ஸுனு சத்தம் வரும். ஒரு பொட்டுக் காத்து உள்ள போகாது. நீங்க சொன்ன மாதிரியே!" என்றாள். "உங்க டப்பாவை எல்லாம் ஒண்ணாப் பாத்துட்டுப் போயிடறேன்."

"போறதைப் பத்தி இப்ப யாரு கேட்டா?" என்று கடிந்துகொண்டே நாற்பத்தொன்றையும் அடுக்கினார். மூடியில் பறவை செதுக்கியது, அவர் உயிர். அதை நடுவில் வைத்தார்.

ஆறாம் நாள் பறவையின் இறக்கை பழுப்பேறியது. பத்தாம் நாள் கறுத்தது. கதவைத் திறந்து மூக்கை நுழைத்தார். ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. ரப்பர் கந்தக ஆவி விடும், அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். இது அவருக்கு நன்றாகத் தெரியும், அடுக்கிய அன்றைக்குத்தான் நினைப்பு வரவில்லை. காற்றை உள்ளே விடாதே என்று ஆயிரம் தடவை சொன்னவர், உள்ளே எதைப் பூட்டக் கூடாது என்று ஒரு தடவையாவது சொன்னாரா? பாவி மனுஷன்! அவர் வாக்கை வேதமாக எடுத்துக்கொண்டாள் அவள், அவ்வளவுதான்.

பட்டையைப் பிய்க்க அரை மணி நேரம் போதும். ஆனால் ஏன் என்று கேட்பாளே. இருக்கப்போவதே சில வாரம். அவளிடம் போய், உன் அலமாரிதான் வெள்ளியைத் தின்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் தேய்த்தார். விடியற்காலையில், அவள் கண் விழிக்குமுன், கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, பாலிஷ் தடவித் தேய்த்தார். தினம் ஏழெட்டு டப்பா.

"இன்னும் கறுக்கவே இல்லையே!" என்பாள் அவள்.

"நீ செஞ்ச அலமாரியாச்சே, கறுக்குமா?" என்பார். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவார்.

ஏழு வாரத்தில் பறவையின் சிறகுக் கோடெல்லாம் மழுங்கிப் போயிற்று. எட்டாம் வாரம் அவள் போய்ச் சேர்ந்தாள்.

சில நாள் கழித்துத் தச்சர் பையோடு வந்து நின்றார்.

"ரப்பரை எடுக்க வந்தேங்க. அம்மா சொல்லி வச்சிருந்தாங்க."

"அவளா? எப்ப?"

"கதவு சரியா சாத்துதான்னு பாக்க ஒருநாள் வந்தேங்க, நீங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தப்ப. கதவைத் திறந்தாலே ரப்பர் வாடை அடிக்குது, அதாலதான் கறுக்குதுபோலன்னாங்க. இப்பவே எடுத்துடறேன்மான்னேன். வேண்டவே வேண்டாம்னுட்டாங்க."

"ஏனாம்?"

தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு டப்பாவைத் தேய்ச்சதுக்கு ரெண்டு நாள் பேசாத மனுஷன், எனக்காகத் தினம் தேய்க்கிறாரு. தூங்கற மாதிரி கிடந்து அவர் முதுகையே பாத்துக்கிட்டிருக்கேன், அது போதும் எனக்குன்னாங்க. நான் போனப்புறம் வந்து எடுத்துடுங்க, அவரா எடுக்கமாட்டாருன்னும் சொன்னாங்க."

தச்சர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் டப்பாக்காரர் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்."

"மறுபடியும் கறுத்துடுமேங்க."

"கறுக்கட்டும். காலையில எனக்கு வேற என்ன வேலை இருக்கு?"

மறுநாள் விடியலில் பாலிஷும் துணியுமாக உட்கார்ந்தார், வழக்கம்போலக் கட்டிலுக்கு முதுகைக் காட்டி.